நிதி வந்தா

மார்ச் 4

பாப்பாவுக்கு இன்று முதல்முறையாக நகம் வெட்டினேன். சுண்டுவிரலில் கத்தரி லேசாகப் பட்டு ஒரு பொட்டு ரத்தம். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன், துணி காய்கிற நேரம் வரைக்கும். நாத்தனார் பஞ்சு கொண்டுவந்து துடைத்துவிட்டு, "இதுக்குப் போய் அழுவாங்களா? எல்லா அம்மாவும் ஒரு தடவை வெட்டத்தான் செய்வாங்க" என்றார். சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தார். பாப்பாவின் விரலைப் பார்க்கவில்லை. என்னை.

எனக்குப் பார்வைகள் தெரியும். எட்டு வருடமாக ரயிலில் டிக்கெட் பரிசோதகர் வேலை. டிக்கெட் இல்லாதவர்கள் இரண்டு வகை. ஒரு வகை, ஜன்னலுக்கு வெளியே புதையல் இருப்பது போலப் பார்த்துக்கொண்டே இருக்கும். இன்னொரு வகை, நாம் வாயைத் திறக்கும் முன்பே, "மேடம், இந்த வண்டி அடுத்த ஸ்டேஷன்ல நிக்குமா?" என்று கேட்கும். பிரசவம் ஆனதிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு வகையும் இருக்கிறது. நாத்தனார் முதல் வகை. என் வீட்டுக்காரர் இரண்டாம் வகை.

மார்ச் 7

பாப்பா நன்றாகத் தூங்குகிறாள். நான் தூங்கவில்லை. படுத்தால் கண் மூடுகிறது, உள்ளே ஏதோ ஒன்று உட்கார்ந்தே இருக்கிறது.

சாயங்காலம் இவர் சமையலறையிலிருந்து வந்து, "அக்காகிட்ட பள்ளிக்கூட விஷயமா பேசிட்டிருந்தேன்" என்றார். கேட்டேனா? நான் கேட்கவே இல்லையே. கேட்காமல் விளக்கம் சொல்கிறவனிடம் டிக்கெட் இருக்காது.

மார்ச் 9

இன்று கேட்டுவிட்டேன். என் காதால்.

பின்பக்கம் துணி எடுக்கப் போனேன். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. நாத்தனாரின் குரல்: "நிதி வந்தா இவளை அங்க அனுப்பிடலாம். அதுவரைக்கும் பொறுத்துக்கடா."

இவர்: "நிதி வராமப் போயிட்டா?"

"அப்படிப் பேசாதே. நிதி இல்லாம நாம ஒண்ணும் பண்ண முடியாது. இவகிட்ட மட்டும் மூச்சு விடாதே."

துணியை மறுபடி கொடியிலேயே போட்டுவிட்டு வந்தேன்.

நிதி என்று ஒருத்தி வந்தால் இவளை, அதாவது என்னை, அனுப்பிவிடலாம். எங்கே? அம்மா வீட்டுக்கா? அம்மா இருந்தால்தானே அம்மா வீடு.

மார்ச் 10

நிதி. இரண்டே எழுத்து. கூப்பிட வசதியான பெயர்தான்.

பள்ளிக்கூடத்தில் யாராக இருக்கும்? இவர் அங்கே தமிழாசிரியர். ஃபிரிஜ்ஜை 'குளிர்பதனப் பெட்டி' என்பார், ஃபேனை 'மின்விசிறி' என்பார், பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் 'தமிழய்யா' என்பார்கள். நானும் இனிமேல் அப்படியே எழுதுகிறேன். பெயர் சொல்லவும் பிடிக்கவில்லை, 'இவர்' என்று உரிமை கொண்டாடவும் பிடிக்கவில்லை. போன வருடம் புதிதாக இரண்டு டீச்சர்கள் சேர்ந்தார்கள் என்று சொன்ன ஞாபகம். ஒருத்தி கணக்கு. இன்னொருத்தி?

அவரிடம் கேட்க மாட்டேன். டிக்கெட் இல்லாத ஆளிடம் முதலில் போய் நிற்கக் கூடாது. கடைசிப் பெட்டிவரை ஓடவிட்டு, இறங்குகிற கதவில் நிற்க வேண்டும்.

மார்ச் 13

போனில் பேசினார். மாடிப்படியில் நின்றுகொண்டு, மெல்ல. எனக்குக் கேட்டது ஒரே வரி: "நிதி எப்படியும் வரும்க்கா."

வரும்!

முதலில் குழம்பிப் போனேன். 'வருவா' என்றல்லவா சொல்ல வேண்டும். வகுப்பில் ஒரு பிள்ளை திணை மாற்றி எழுதினால் பெஞ்சு மேல் ஏற்றுகிற மனுஷன், தானே தப்பாகப் பேசுவாரா? பிறகு புரிந்தது. பாப்பாவை நாங்கள் எப்படிச் சொல்கிறோம்? 'தூங்குது.' 'சிரிக்குது.' செல்லம் என்றால் அஃறிணை.

அவ்வளவு செல்லமா.

மார்ச் 16

குளியலறைக் குழாயைத் திறந்தால் ஸ்டேஷன் அறிவிப்பு கேட்கிறது. அதே பெண் குரல். 'பயணிகள் கவனத்திற்கு.' மூடினால் நிற்கிறது. திறந்தால் தொடர்கிறது, விட்ட இடத்திலிருந்து. நிதி இரண்டாவது நடைமேடைக்கு வந்துகொண்டிருக்கிறாள் என்று இன்று தெளிவாகவே சொன்னது.

இது நிஜமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் தகவல் சரியாக இருக்கலாம் அல்லவா?

குளிக்கவில்லை.

மார்ச் 18

நாத்தனார் ஒரு 'சிநேகிதி'யைக் கூட்டி வந்தார். நாத்தனாருக்கு அரசு ஆஸ்பத்திரியில், பிரசவ வார்டில் நர்ஸ் வேலை. இந்த அம்மாவும் அங்கேதானாம். பருத்திப் புடவை, கண்ணாடி, பாதி நரைத்த தலை. நிதி இவளா? இவ்வளவு வயதானவளையா தமிழய்யாவுக்குப் பிடித்தது? பிறகு டாக்டர் என்றார்கள்.

குழந்தை இருக்கிற வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் எங்கே போவார்கள்? தொட்டிலுக்கு. இந்த அம்மா தொட்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, "நீங்க எப்படி இருக்கீங்க?" என்றார். பாப்பா பிறந்ததிலிருந்து இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அதனால்தான் சந்தேகம் வந்தது.

"நல்லா இருக்கேன்."

"பாப்பா தூங்கும்போது உங்களால தூங்க முடியுதா?"

"நல்லாத் தூங்குறேன்."

"யாராவது உங்களுக்குக் கெடுதல் பண்ணப் போறாங்கன்னு தோணுதா?"

தோன்றுகிறதாவது. தெரியும். "டீ குடிக்கிறீங்களா?" என்று எழுந்துவிட்டேன்.

வாசலில் மூன்று பேரும் நின்று பேசினார்கள். கதவுக்குப் பின்னால் நான்.

டாக்டர்: "இதுக்கு மேல தள்ளிப் போட முடியாதுப்பா. பின் கட்டடத்துல சேர்த்துடலாம்."

தமிழய்யா: "பாப்பா?"

"பாப்பாவை அங்க விட மாட்டாங்க. அது பெரியவங்க மனநல வார்டு. நீங்கதான் வீட்ல வச்சுப் பார்த்துக்கணும்."

"நிதி வரட்டும் டாக்டர். இன்னும் ஒரு வாரம்."

ஆக, முடிவாகிவிட்டது. எனக்குப் பின் கட்டடம். பாப்பாவுக்கு நிதி.

மார்ச் 19

பையில் பாப்பாவின் துணி, பஞ்சு, ஒரு துண்டு. இவர்கள் என்னை அனுப்பும்வரை நான் ஏன் இருக்க வேண்டும்?

மார்ச் 20

வண்டியில் எழுதுகிறேன். எங்கே போகிற வண்டி என்று பார்க்கவில்லை. பாப்பா மடியில். பால் குடித்துவிட்டாள்

டிக்கெட் எடுக்கவில்லை நான். எடுக்கத் தோன்றவே இல்லை. எதிரே இருக்கிற பெண் என்னையே பார்க்கிறாள், நான் ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறேன், ஐயோ, நான் வெளியே பார்க்கிறேன்

குழாய் இல்லாமலே கேட்கிறது இப்போது

விசில் அண்ணன் வருகிறார். நாலாவது சீட்டில் நிற்கிறார். என்னைப் பார்த்துவிட்டார்

மார்ச் 31

எழுதச் சொன்னார்கள். பாப்பா பக்கத்தில்தான் இருக்கிறாள்.

ஏப்ரல் 2

இன்று கொஞ்சம் எழுத முடிகிறது. அன்று நடந்ததை எழுதிவிடுகிறேன், இவர்கள் வேறு மாதிரிச் சொல்வதற்குள்.

விசில் என்பது என்னோடு வேலை பார்க்கிறவர். பழைய பாட்டு எதையாவது விசிலடித்துக்கொண்டே பெட்டி பெட்டியாக வருவார். டிக்கெட் இல்லாதவர்கள் விசில் கேட்டே கழிவறைக்குள் ஒளிந்துகொள்வார்கள். எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், கேட்க மாட்டார். அன்று என் சீட்டுக்கு வந்ததும் விசில் நின்றது.

"டிக்கெட் இல்ல, அண்ணே" என்றேன்.

அவர் என் காலைப் பார்த்தார். செருப்பு இல்லை. எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

அபராதப் புத்தகத்தை எடுப்பார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "எனக்கும் கால் வலிக்குதும்மா, கொஞ்சம் உக்காந்துக்கிறேன்" என்றார். என்ன ஏது என்று ஒரு கேள்வி இல்லை. பாப்பாவைக் கொடு என்று கை நீட்டவும் இல்லை. நீட்டியிருந்தால் அடுத்த ஸ்டேஷனில் எந்தப் பக்கம் இறங்கியிருப்பேனோ. மற்ற பெட்டிகளில் அன்று எத்தனை பேர் ஓசியில் போனார்களோ தெரியாது. கடைசி ஸ்டேஷன்வரை அப்படியே இருந்தார். விசில் எப்போது தகவல் அனுப்பினாரோ, அங்கே தமிழய்யா நின்றிருந்தார், சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டு.

இந்த அறை எந்தக் கட்டடம் என்று முதலிலேயே கேட்டேன். பின் கட்டடம் இல்லையாம். பிரசவ வார்டை ஒட்டிய அறை. இரண்டு கட்டில், இரண்டு தொட்டில். சுவரில் மூன்று வாத்து. இரண்டுக்கு மஞ்சள் அடித்திருக்கிறார்கள். மூன்றாவது வெறும் கோடு, அது என்னையே பார்க்கிறது.

ஏப்ரல் 3

மாத்திரை. நாக்குக்கு அடியில் ஒதுக்கினேன். நாத்தனார், "வாயைத் திற. நாக்கைத் தூக்கு" என்றார். பிடிபட்டேன். என் தொழிலை என்னிடமே காட்டுகிறார்.

ஏப்ரல் 5

டாக்டரிடம் கடைசியில் சொல்லிவிட்டேன். எத்தனை நாள்தான் பொத்திப் பொத்தி வைப்பது.

"என்னை இங்க வச்சிருக்கிறதே நிதிக்காகத்தானே?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "யாரு நிதி?"

"தெரியாத மாதிரிக் கேக்காதீங்க. என் வீட்டுக்காரர் சேர்த்துக்கப் போறவ. அவ வந்தா என்னை அனுப்பிடலாம்னு அண்ணிதான் சொன்னாங்க. என் காதால கேட்டேன்."

நாத்தனார் கையில் பாப்பாவின் துண்டு இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பார்த்தால் அழுகை. இரண்டுமாக இருந்திருக்கலாம்.

டாக்டர் சிரிக்கவில்லை. "அவளைத்தாம்மா நானும் ரெண்டு வருஷமாத் தேடிட்டிருக்கேன்" என்றார்.

பிறகு சொன்னார். நிதி என்றால் ஆள் இல்லையாம். அரசாங்கத்துப் பணமாம். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் மனம் கலங்கிப் போகிற பெண்களை, குழந்தையைப் பிரிக்காமல் வைத்துப் பார்க்க இந்த அறை. அறிவித்தார்கள், கட்டில் வந்தது, பெயிண்ட் பாதி அடித்தார்கள், பணம் அத்தோடு நின்றது. நர்ஸுகளுக்குச் சம்பளம் இல்லாமல் கதவைப் பூட்டி வைத்திருந்தார்கள். பின் கட்டடத்தில் குழந்தையை விட மாட்டார்கள். என்னையும் பாப்பாவையும் பிரிக்க மனமில்லாமல் இவர்கள் இந்த அறைக்காகக் காத்திருந்தார்களாம்.

"இப்ப மட்டும் எப்படித் திறந்தீங்க? நிதி வந்துட்டாளா?"

"வரல. பூட்டை உடைச்சுட்டேன். உங்க அண்ணி டியூட்டி முடிஞ்சதும் வீட்டுக்குப் போகாம இங்க உக்கார்றாங்க. மேல இருந்து கேள்வி வந்தா பார்த்துக்கலாம்."

ஏப்ரல் 6

நம்பவில்லை. மூன்று பேரும் ஒரே கதையை, ஒரே வார்த்தையில் சொல்கிறார்கள். ஒரே குடும்பம் ஒரே மாதிரிச் சொன்னால் நான் எப்போதும் டிக்கெட்டை இரண்டு தடவை திருப்பிப் பார்ப்பேன்.

ஏப்ரல் 8

தமிழய்யா கட்டிலோரம் உட்கார்ந்து விரலைப் பிசைந்துகொண்டிருந்தார். "உன்கிட்ட மறைச்சது தப்புதான். உனக்கு உடம்பு சரியில்லன்னு உன்கிட்டயே எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றார்.

"எல்லாரையும் மாதிரி ஃபண்டுன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? ஃபண்டுன்னு எவளுக்கும் பேர் இல்ல. எனக்கு இந்த வியாதியே வந்திருக்காது."

அவர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர், "வந்திருக்கும்மா. வேற பேர்ல வந்திருக்கும்" என்றார்.

கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். தூக்கம் போனது நிதிக்கு முன்னால். அழுகையும் முன்னால்தான்.

ஏப்ரல் 12

ஐந்து மணி நேரம் தூங்கினேன். மூன்றாவது வாத்து வெறும் வாத்துதான்.

ஏப்ரல் 17

பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். தையல் வேலை செய்கிறவளாம், குழந்தை பிறந்து இரண்டு வாரம். யாரோடும் பேசவில்லை. தொட்டிலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

மத்தியானம் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். அனுமதியில்லாமல் திறந்த அறையாம், ஒரு ஆளை வைத்ததே தப்பாம், இரண்டாவது ஆளுக்கு இடமே இல்லையாம். டாக்டர் சத்தம் போட்டுப் பார்த்தார். நாத்தனார், "நானே ரெண்டு பேரையும் பார்த்துக்கிறேன் சார்" என்றார். நடக்கவில்லை. அவளைப் பின் கட்டடத்துக்கு நடத்திக் கூட்டிப் போனார்கள். குழந்தையை அவளுடைய மாமியார் வாங்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார். அவள் சத்தம் போடவில்லை. மார்புப் பக்கம் ஜாக்கெட் நனைந்திருந்தது. குழந்தைதான் வராந்தா முழுக்க அழுதுகொண்டு போனது.

நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றேன். இவர்கள் சொன்னதெல்லாம் உண்மை என்று அப்போதுதான் நம்பினேன். எனக்கு ஆகவிருந்தது இதுதான். நம்பியதில் சந்தோஷம் ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 29

இன்று நாள் முழுக்க நிதியின் ஞாபகம் வரவில்லை. வரவில்லை என்பது சாயங்காலம்தான் ஞாபகம் வந்தது.

மே 6

வீடு. குழாயைத் திறந்தேன். தண்ணீர் வந்தது. தண்ணீர் மட்டும்.

ஜூன் 23

டாக்டர் போன் செய்தார். அறைக்கு நிதி கொடுப்பதா வேண்டாமா என்று பார்க்க மேலிடத்திலிருந்து ஆட்கள் வருகிறார்களாம். "நான் பேசினா புள்ளிவிவரம்பாங்க. நீங்க வந்து பேசுறீங்களா?"

மருந்து இன்னும் சாப்பிடுகிறேன். நாலு பேர் முன்னால் போய், எனக்குப் புத்தி பிசகியிருந்தது என்று சொல்ல வேண்டும். வேலைக்குத் திரும்பும்போது என்னென்ன பேசுவார்களோ. தமிழய்யா, "உனக்கு இஷ்டமில்லன்னா வேண்டாம்" என்றார். அந்தக் குரலில் ஒளிவுமறைவு இருக்கிறதா என்று வழக்கம்போலத் தேடிப் பார்த்தேன். இல்லை.

ஜூன் 26

போனேன். மூன்று அதிகாரிகள். பெரியவர் நான் பேசும்போது ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டி மட்டும்தான் இருக்கிறது. முதல் வகை. அடுத்தவர், நான் வாயைத் திறக்கும் முன்பே, "எங்களுக்கும் அக்கறை இருக்கும்மா" என்றார். கேட்டேனா?

பெரியவர் கடைசியில் திரும்பினார். "இதையெல்லாம் வீட்ல பெரியவங்க பார்த்துக்க மாட்டாங்களா? அந்தக் காலத்துல இதுக்கெல்லாம் தனி அறையா இருந்துச்சு?"

எழுதி எடுத்துப் போனதை மடித்து வைத்துவிட்டேன்.

"சார், நான் டிக்கெட் பரிசோதகர். கைக்குழந்தையோட, கால்ல செருப்பு இல்லாம, டிக்கெட் இல்லாம வண்டியில உக்காந்திருந்தேன். என்னைப் பிடிச்சவர் அபராதம் போடல. பக்கத்துல உக்காந்தார். அதனாலதான் நானும் இருக்கேன், குழந்தையும் இருக்கு. எல்லாப் பெண்ணுக்கும் அந்த வண்டியில அவர் டியூட்டியா இருப்பாரா? பக்கத்துல உக்கார ஆள் போடுங்கன்னுதான் கேக்குறோம். வாத்துக்குப் பெயிண்ட் கூட வேண்டாம்."

அந்தத் தையல்காரப் பெண்ணைப் பற்றியும் சொன்னேன். அவளுக்குப் பால் வற்றிப்போய்விட்டது, குழந்தை இப்போது அவள் தூக்கினால் அழுகிறதாம். நாத்தனார் விசாரித்து வந்து சொன்னார். அதைச் சொல்லும்போதுதான் என் குரல் உடைந்தது.

"பரிசீலிக்கிறோம்" என்றார் பெரியவர். எட்டு வருட அனுபவத்தில் சொல்கிறேன், அவரிடம் டிக்கெட் இல்லை.

ஆகஸ்ட் 11

வேலைக்குத் திரும்பிவிட்டேன். விசில் என்னைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. விசிலடித்துக்கொண்டே அடுத்த பெட்டிக்குப் போனார். பின்னால் ஒருவன் கழிவறைக்குள் ஓடினான். பிடித்தேன்.

செப்டம்பர் 19

மத்தியானமே வந்துவிட்டார் என் வீட்டுக்காரர். பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் வருகிற ஆள் இல்லை. பாப்பா தரையில் குப்புற விழுந்து நீந்திக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றபடியே, "அக்கா போன் பண்ணுச்சு. நிதி..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"நிதி வந்து... வந்துள்ளது. அதாவது, கிடைத்திருக்கிறது. ரெண்டு நர்ஸு போடுறாங்க. அறையை முறைப்படி திறக்கிறாங்க." நெற்றியெல்லாம் வியர்வை. இலக்கணம் பிசகாமல் சொல்லி முடிக்க அந்த மனுஷன் அவ்வளவு பாடுபட்டார். அந்தப் பெரியவரை நான் தப்பாகக் கணித்துவிட்டேன் போலிருக்கிறது. ஆனாலும் பழக்கம் விடுமா?

"எத்தனை நாள் இருப்பாளாம்?" என்றேன்.

அவருக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பாப்பா பிறந்ததிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு வருஷம். அப்புறம் மறுபடி பரிசீலிப்பாங்களாம்" என்றார்.

நினைத்தேன். ஒரு வருடம் என்றால் இன்று கருத்தரிக்கிறவளுக்குப் பிரசவம் ஆகி, அவள் தூக்கம் தொலைக்கிற நேரத்தில் கதவு மறுபடி பூட்டியிருக்கும்.

அந்தப் பெரியவருடைய அலுவலகம் எங்கே என்று நாத்தனாரிடம் கேட்டிருக்கிறேன். என் லைனில்தான், ஆறாவது ஸ்டேஷனாம். தையல்காரப் பெண்ணும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள், குழந்தையோடு. எட்டு வருடத்தில் முதல்முறையாக, ஒரு வருட டிக்கெட் முடிந்த பிறகும் நிதி என்கிறவள் இறங்கிவிடக் கூடாது என்று கதவில் போய் நிற்கப் போகிறேன்.